காரின் மூச்சு: காற்று வடிகட்டியை நாமே மாற்றுவோம்

இன்று பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் நம் மாணவர்களில் பலர் ஓட்டுநர் உரிமத்தோடுதான் வருகிறார்கள். அப்பா ஓட்டிய பழைய சாகா, அண்ணன் கைமாற்றிக் கொடுத்த கன்சில், தவணையில் வாங்கிய மைவி என ஏதோ ஒன்று விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில் நிற்கிறது. எண்ணெய் ஊற்றத் தெரியும். சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்கத் தெரியும். ஆனால், பானெட் என்று நாம் சொல்லும் முன்மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பவற்றில் எது எது என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பட்டறையில் நீட்டப்படும் ரசீதில் பத்து வரிகள் இருக்கும். எது தேவை, எது இன்னும் ஆறு மாதம் பொறுக்கும் என்று கேட்க முடியாமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். கல்விக் கடனில் மாதத்தை ஓட்டும் மாணவருக்கு இது சிறிய இழப்பன்று.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இதில் உண்டு. என் தந்தை செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். அவர் காலத்தில் தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்த நம்மவர்கள் பலர் ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாதவர்கள். ஆயினும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்வார்கள். அவர்களுடைய பிள்ளைகளாகிய நாம் பட்டம் பெற்றோம். நான் இயந்திரப் பொறியியலே படித்தேன். அந்தக் கையறிவு மட்டும் ஒரே தலைமுறையில் நம்மைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. அதை மீட்டுக்கொள்ள மிக எளிய வாசல் எது என்று என்னைக் கேட்டால், இயந்திரத்தின் காற்று வடிகட்டி என்றுதான் சொல்வேன். அரை மணி நேரம் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தக்க கவனம் இருந்தால் ஆபத்தும் இல்லை. இக்கட்டுரையின்வழி அந்த வேலையையும், அதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தையும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கார் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது?

கார் பெட்ரோலில் ஓடுகிறது என்கிறோம். அது பாதி உண்மைதான். பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று தேவைப்படுகிறது. இதைக் கொள்ளளவில் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோகிராம் அளவுதான். ஆனால் அதை எரிக்கத் தேவையான காற்று கிட்டத்தட்ட 9,000 லிட்டர், அதாவது ஒன்பது கன மீட்டர்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கிற்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் குடிக்கும் சிறிய கார் அந்தப் பயணத்தில் 21 லிட்டர் பெட்ரோலைச் செலவிடும். அதற்காக அது உள்ளிழுக்கும் காற்று 189 கன மீட்டர். எட்டு மீட்டர் நீளமும், எட்டு மீட்டர் அகலமும், மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த அறையிலுள்ள காற்று முழுவதையும் உங்கள் கார் ஒரே பயணத்தில் உறிஞ்சிக் குடித்துவிடுகிறது.

அந்தக் காற்று தூய காற்றா? நெடுஞ்சாலையில் முன்னால் போகும் மணல் லாரியின் தூசி, கட்டுமானத் தளத்தின் சிமெண்டுப் பொடி, பூச்சிகள், காய்ந்த இலைத் துகள்கள், தோட்டத்துச் சாலையின் செம்மண் எல்லாம் அதில் கலந்தே இருக்கின்றன. இவற்றை வாசலிலேயே நிறுத்திவைப்பதுதான் காற்று வடிகட்டியின் பணி.

தூசி உள்ளே போனால் என்ன?

மண்ணிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கா கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் கொண்டது. அது இயந்திரத்துக்குள் நுழைந்தால், உருளைக்கும் அதற்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் வளையங்களுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். அங்கே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் இரும்போடு இரும்பு உரசாமல் காக்கிறது. தூசி கலந்ததும் அந்த எண்ணெய் தேய்ப்புத்தாள் போல வேலை செய்யத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உரசல் நடக்கிறது.

விளைவு உடனே தெரியாது. ஆண்டுகள் போகப் போக வளையங்கள் தேயும், அழுத்தம் குறையும், இயந்திர எண்ணெய் மேலேறி எரியும், புகைக்குழாயில் நீலப் புகை வரும். அப்போது பட்டறையில் சொல்லும் தொகை ஆயிரக்கணக்கான வெள்ளியாக இருக்கும். சில பத்து வெள்ளி விலையுள்ள ஒரு மடிப்புத்தாள்தான் அந்தச் செலவுக்கும் நமக்கும் நடுவில் நிற்கிறது.

அப்பா ஓட்டிய பழைய லாரியில் தாள் வடிகட்டி இல்லை. எண்ணெய்க் கிண்ண வடிகட்டி இருந்தது. உள்ளே வரும் காற்று எண்ணெயின் மேற்பரப்பைத் தொட்டுச் சட்டெனத் திரும்பும்; கனமான தூசியால் அப்படித் திரும்ப முடியாது; எண்ணெயில் விழுந்துவிடும். அடியில் செம்மண் சேறாகப் படிந்திருக்கும். அதை வழித்தெடுத்து, கிண்ணத்தைக் கழுவி, புதிய எண்ணெய் ஊற்றுவது அவருடைய வழக்கமான வேலை. "மூச்சு முட்டுனா மனுசனுக்கும் லாரிக்கும் ஒரே கதிதான்டா" என்பார். பின்னாளில் விரிவுரை அரங்கில் நான் படித்த பாடம் இதைவிட நீளமானது; ஆனால் பொருள் இதுவேதான்.

மடிப்புத்தாள் தூசியைப் பிடிக்கும் விதம்

வடிகட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேநீர் வடிகட்டி. ஓட்டையைவிடப் பெரிய இலை தங்கும். சிறியது கீழே இறங்கிவிடும். காரின் வடிகட்டி அப்படி மட்டும் வேலை செய்வதில்லை. அதன் தாள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நுண்ணிய இழைகளால் ஆனது. காற்று அந்த இழைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. தூசித் துகளால் அவ்வளவு விரைவாக வளைய முடியாது. இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. ஆகையால் இடைவெளியைவிடச் சிறிய துகள்களும் அதில் மாட்டிக்கொள்கின்றன.

தாளை மடித்து மடித்து வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. மடிப்புகளை விரித்தால், சட்டத்தின் அளவைப் போலப் பல மடங்கு பரப்பு கிடைக்கும். பரப்பு கூடினால் காற்று தடையின்றிப் போகும். தூசிக்கும் அதிக இடம் கிடைக்கும்.

இங்கே பலர் அறியாத செய்தி ஒன்று: சற்றே அழுக்கான வடிகட்டி புத்தம் புதியதைவிட நன்றாகத் தூசியைப் பிடிக்கும். முதலில் ஒட்டிய தூசி தானும் ஒரு வடிகட்டிப் படலமாக மாறிப் பின்னால் வருவதைத் தடுக்கிறது. ஆகவே, கொஞ்சம் பழுப்பேறியதைப் பார்த்ததும் பதறி மாற்ற வேண்டியதில்லை. தூசி மிகுந்து காற்றுக்கே தடையாகும்போதுதான் அதன் காலம் முடிகிறது.

பெட்ரோல் மிச்சமாகுமா?

"ஏர் ஃபில்டரை மாற்றினால் எண்ணெய் மிச்சம்" என்று எல்லாரும் சொல்வார்கள். இது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994-இல் வந்த பெரோடுவா கன்சிலின் தொடக்கக் கார்களிலும் கார்புரேட்டர் இருந்தது. கார்புரேட்டரில் காற்றின் உறிஞ்சல்தான் பெட்ரோலை இழுக்கிறது. முன்னால் வடிகட்டி அடைத்துக்கொண்டால் உறிஞ்சல் கூடி, தேவைக்கு மேல் பெட்ரோல் வரும். கரும்புகையும் வரும்.

இன்றைய கார்களில் நிலைமை வேறு. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை உணரிகள் அளக்கின்றன. எரிந்த புகையில் எவ்வளவு உயிர்வாயு மிஞ்சியிருக்கிறது என்பதை இன்னோர் உணரி சொல்கிறது. இவற்றைக் கொண்டு கணினி பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும், விகிதம் மாறாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துக் காட்டியது. அடைபட்ட வடிகட்டியை மாற்றியபோது நவீன கார்களின் எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் வேகமெடுக்கும் ஆற்றல் 6 முதல் 11 விழுக்காடு வரை மேம்பட்டது. கார்புரேட்டர் பொருத்திய பழைய காரில்தான் 2 முதல் 6 விழுக்காடு வரை எரிபொருள் மிச்சமாகியது.

அப்படியானால் வடிகட்டியை மாற்றுவது வீணா? இல்லை. காரணம்தான் வேறு. கேமரன் மலைப் பாதையில் ஏறும்போதும், நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போதும் கார் மூச்சுத் திணறாமல் இருக்கவும், நைந்துபோன பழைய தாள் வழியாகத் தூசி புகாமல் இருக்கவுமே மாற்றுகிறோம். பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்லி யாராவது உங்களிடம் விலையுயர்ந்த வடிகட்டியை விற்க முயன்றால், உங்கள் கார் கார்புரேட்டர் காரா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

எப்போது மாற்றுவது?

காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலான கையேடுகள் 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் ஒரு கணக்கைச் சொல்லும். தூசி மிகுந்த இடங்களில் ஓடினால் அதற்கு முன்பே மாற்றச் சொல்லும். அந்த இரண்டாவது வரி நமக்கு முக்கியம். தார்ச்சாலையில் மட்டும் வளாகத்துக்கும் விடுதிக்கும் ஓடும் காருக்கும், வாரந்தோறும் தோட்டத்துச் செம்மண் சாலையில் வீட்டுக்குப் போய்வரும் காருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

எனவே, கிலோமீட்டரை மட்டும் நம்பாமல் கண்ணையும் நம்புங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை பெட்டியைத் திறந்து பாருங்கள். வடிகட்டியை வெளியே எடுத்து, ஒரு பக்கம் கைவிளக்கைப் பிடித்து மறுபக்கத்திலிருந்து நோக்குங்கள். மடிப்புகளுக்கு நடுவே ஒளி பரவலாகத் தெரிந்தால் இன்னும் காலம் இருக்கிறது. பெரும்பகுதி இருண்டு கிடந்தால், மடிப்புகளுக்குள் மண் திட்டாகப் படிந்திருந்தால், தாள் கிழிந்தோ நனைந்தோ ரப்பர் விளிம்பு விறைத்தோ போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

வாங்கும் முன்

காரின் பெயர், தயாரித்த ஆண்டு, இயந்திரத்தின் அளவு ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குச் செல்லுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு தலைமுறைக் கார்கள் உண்டு. 2005-இல் வந்த முதல் மைவியின் வடிகட்டியைப் பிந்திய மைவிக்கும் பொருந்தும் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது. பழைய வடிகட்டியைப் பையில் போட்டு உடன் எடுத்துச் செல்வது நல்லது. நீளம், அகலம், உயரம், ரப்பர் விளிம்பின் வடிவம் நான்கையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். மிகமிக மலிவாகக் கிடைப்பதில் தாள் எளிதில் வளைகிறதா, சட்டத்தோடு ஒட்டிய இடத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள கார் என்றால், அதன் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

தேவையானவை இவைதாம்: புதிய வடிகட்டி, நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்று, நூல் உதிராத சுத்தமான துணிகள் இரண்டு, கையுறை, கைவிளக்கு. தூசி உறிஞ்சி இருந்தால் வசதி.

மாற்றும் முறை

1. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். கைத்தடையை இழுத்துவிட்டு, இயந்திரத்தை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். ஓடிவந்த கார் என்றால் அரை மணி நேரமாவது ஆறட்டும். மழை பெய்யும் நேரத்தில் திறந்த வெளியில் இந்த வேலை வேண்டாம்.

2. முன்மூடியைத் திறந்து, தாங்குகம்பியை அதற்குரிய குழியில் உறுதியாக மாட்டுங்கள்.

3. காற்றுப் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியாக இருக்கும். அதிலிருந்து விரல்களால் சுற்றிப் பிடிக்க முடியாத தடிமனில் ஒரு குழாய் இயந்திரத்துக்குப் போகும். சில கார்களில் இயந்திரத்தின் தலைமேலேயே இந்தப் பெட்டி அமர்ந்திருக்கும். பழைய கார்புரேட்டர் கார்களில் வட்டமான தகரப் பெட்டியாக, நடுவில் ஒரு மரையோடு இருக்கும். ஐயம் இருந்தால் கையேட்டிலுள்ள படத்தோடு ஒப்பிடுங்கள்.

4. எதையும் தொடுவதற்கு முன் கைப்பேசியில் இரண்டு மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது ஐயம் வந்தால் அவை வழிகாட்டும்.

5. மூடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை விடுவியுங்கள் அல்லது திருகுகளைக் கழற்றுங்கள். இயந்திரச் சூட்டில் ஆண்டுக்கணக்காக வெந்த பிளாஸ்டிக் எளிதில் உடையும், மெல்ல நெம்புங்கள். கழற்றிய திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுவையுங்கள். மூடியோடு மின்கம்பியோ மெல்லிய குழாயோ இணைந்திருந்தால் அதை இழுக்காதீர்கள். மூடியைச் சற்றுத் தூக்கினாலே பல கார்களில் வடிகட்டியை எடுத்துவிடலாம்.

6. பழைய வடிகட்டி எந்தப் பக்கம் மேல்நோக்கி இருக்கிறது என்று கவனித்துவிட்டு, சாய்க்காமல் நேராகத் தூக்குங்கள். மேலே கிடக்கும் இலையும் மண்ணும் இயந்திரத்துக்குப் போகும் குழாய்ப் பக்கம் விழக் கூடாது.

7. பெட்டியின் உட்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள். வெளிக்காற்று நுழையும் பக்கத்தில் தூசியும் பூச்சியும் குவிந்திருக்கும். அதைத் தூசி உறிஞ்சியாலோ துணியாலோ எடுங்கள். இயந்திரப் பக்கத்தைச் சற்றே ஈரமான துணியால் ஒற்றி எடுத்து உலரவிடுங்கள். வாயால் ஊதக் கூடாது. ஊதினால் தூசி போகக் கூடாத பக்கம் போகும். வடிகட்டி இல்லாத நிலையில் இயந்திரத்தை ஒருபோதும் முடுக்கக் கூடாது.

8. புதிய வடிகட்டியைப் பழையது இருந்த அதே பக்கவாட்டில் வையுங்கள். நான்கு பக்கமும் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இந்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான். காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். விளிம்பில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் வடிகட்டாத காற்று அதன் வழியே நுழையும். அப்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வடிகட்டியாக இருந்தாலும் பயனில்லை.

9. மூடியின் ஒரு பக்கத்தில் கொக்கிகள் இருந்தால் முதலில் அவற்றைப் பொருத்தி, பிறகு எதிர்ப்பக்கக் கிளிப்புகளை மாட்டுங்கள். மூடி எளிதாக அமர வேண்டும். அழுத்திப் பூட்ட வேண்டியிருந்தால், உள்ளே ஏதோ சரியாக அமரவில்லை என்று பொருள். திறந்து மீண்டும் பாருங்கள்.

10. கருவியோ துணியோ உள்ளே கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு இயந்திரத்தை முடுக்குங்கள். பெட்டியருகே "உஸ்" என்ற சீறல் கேட்கக் கூடாது. முன்பலகையில் இயந்திர எச்சரிக்கை விளக்கு எரியக் கூடாது. இரண்டும் இல்லையென்றால் முன்மூடியைச் சாத்துங்கள். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

பழைய வடிகட்டி சொல்லும் செய்தி

பழையதை உடனே எறிந்துவிடாதீர்கள். அதை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். செம்மண் படிந்திருந்தால் உங்கள் சாலை தெரிகிறது. நெல் உமியோ நார்களோ துணுக்குகளோ குவிந்திருந்தால் எலி குடியேறியிருக்கக்கூடும். அருகிலுள்ள மின்கம்பிகளையும் சோதியுங்கள். தாளில் எண்ணெய் ஊறியிருந்தால், இயந்திரத்துக்குள்ளிருந்து எண்ணெய் ஆவி பின்னோக்கி வருகிறது. இதை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அப்போதும், "கார் சரியில்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல், "வடிகட்டியில் எண்ணெய் இருக்கிறது, அண்ணே, எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்" என்று சொல்லலாம். இப்படிக் கேட்கும் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும்.

செய்யக் கூடாதவை

தாள் வடிகட்டியை நீரில் கழுவக் கூடாது. நனைந்த தாளின் இழைகள் சிதைந்துவிடும். காற்றழுத்தக் குழாயால் பலமாக ஊதிச் சுத்தம் செய்வதும் நல்லதன்று. கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால், வெளியே பளிச்சென்று தெரியும் வடிகட்டி உள்ளே தூசியை வரவேற்றுக்கொண்டிருக்கும். அடிக்கடி கழற்றி மாட்டுவதும் விளிம்பைத் தளர்த்தும்.

கழுவிப் பயன்படுத்தும் பருத்தி வடிகட்டிகளும் விற்பனைக்கு உண்டு. அவற்றுக்குரிய எண்ணெயை அளவுக்கு மேல் பூசினால், சில கார்களில் காற்றளவு உணரியில் அது படிந்துவிடும். பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ வடிகட்டியை மாட்டும் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடிய பெட்டி, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவருகிறது. திறந்த கூம்போ இயந்திரத்தின் சூடான காற்றையே உறிஞ்சுகிறது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு. சத்தம் கூடுவதை ஆற்றல் கூடியதாக எண்ணிவிடக் கூடாது.

வெள்ளமும் புகைமூட்டமும்

நம் நாட்டுக்கே உரிய இரண்டு சூழல்களையும் இங்கே சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் ஏற்பட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளநீரில் நின்ற காரை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று முடுக்குவதுதான் பெரிய ஆபத்து. காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. உருளைக்குள் நீர் புகுந்திருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் இணைப்புத் தண்டு வளைந்தே போகும். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் முதலில் வடிகட்டியைத் தொட்டுப் பார்ப்பார். அது நனைந்திருந்தால் சாவியைத் தொடாமல் இழுவை வண்டியை அழைப்பார். வடிகட்டி உலர்ந்திருந்தாலும், நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைப் பொறுத்து மற்ற பாகங்களைச் சோதித்த பிறகே முடுக்க வேண்டும்.

அடுத்தது புகைமூட்டம். 2005-இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும், 2013-இல் மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை அறிவிக்கும் அளவுக்கு அது மோசமானது. அத்தகைய நாள்களில் பலர் இயந்திரத்தின் வடிகட்டியை மாற்ற விரைவார்கள். ஆனால், நாம் சுவாசிக்கும் காற்றை வடிப்பது அதுவன்று. காருக்குள் வரும் குளிர்காற்றுக்கு வேறொரு வடிகட்டி உண்டு. பல கார்களில் அது முன்னிருக்கைப் பயணியின் கால்பக்கமுள்ள பொருள்பெட்டிக்குப் பின்னால் இருக்கும். ஒன்று இயந்திரத்தின் மூக்கு. மற்றொன்று நம் மூக்கு. ரசீதில் "ஃபில்டர்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஃபில்டர் என்று கேளுங்கள்.

நிறைவாக

இந்த வேலையை நாமே செய்வதால் மிச்சமாகும் கூலி பெரிய தொகையன்று. அதை மறைக்க விரும்பவில்லை. மின்சாரக் கார்களில் இந்த வடிகட்டியே கிடையாது. நாளை அத்தகைய கார்கள் பெருகும்போது இந்தக் கட்டுரையின் பத்துப் படிகளும் பழங்கதையாகலாம். ஆனால், மூடியிருப்பதைத் திறந்து பார்க்கும் துணிவும், காரணம் கேட்கும் பழக்கமும், கண்ணால் கண்டதை வைத்து முடிவெடுக்கும் திறமும் எந்தக் காலத்துக் காருக்கும் வேண்டும். காருக்கு மட்டும் என்றும் சொல்ல மாட்டேன்.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இது ஆண்களின் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு கிளிப்புகளைத் திறக்க உடல்வலிமை தேவையில்லை, கவனம்தான் தேவை.

வரும் விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது ஒரு புதிய வடிகட்டியை வாங்கிச் செல்லுங்கள். அப்பாவையோ மாமாவையோ அருகில் அழைத்துக்கொண்டு காரின் முன்மூடியைத் திறங்கள். உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் சொல்லட்டும். லாரியும் டிராக்டரும் ஓட்டிய கைகளிடம் நாம் இன்னும் கேட்டறியாதவை நிறையவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு, அடுத்த ஆண்டு இதே மலரில் நீங்கள் எழுத வேண்டும் என்பது என் ஆவல்.